டைம் டிராக்கிங் சாஃப்ட்வேர் எப்படித் தேர்ந்தெடுப்பது: காரைக்குடி கணக்கு அலுவலகத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடியில் 12 பேர் வேலை செய்கிற ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். கடைகள், ஹோட்டல்கள், ஒன்றிரண்டு ஆத்தங்குடித் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறைகள், சிங்கப்பூரில் தொழில் செய்கிற நம்மூர்க்காரர்கள் என்று பலருக்கும் மாதக் கட்டணத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறோம். 8 பேர் அலுவலகத்துக்கு வருகிறார்கள், 3 பேர் தேவகோட்டை, கல்லல், புதுவயலில் வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள், ஒரு தம்பி கடை கடையாகப் போய் பில் வாங்கி வருகிறார்.

ரொம்ப நாளாக எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (சுருக்கக் கணக்கைத் தாக்கல் செய்து வரி கட்டுவது), இரண்டுக்கும் நடுவில் எல்லாருக்கும் முதுகு ஒடிகிறது, ஆனால் வருமானத்தைப் பார்த்தால் அந்த உழைப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. மாதக் கட்டணம் வாங்கும்போது யார் நமக்கு லாபம், யார் நம் நேரத்தைத் தின்கிறார்கள் என்பது நேரக் கணக்கு இல்லாமல் தெரியாது. முதலில் ஒரு எக்செல் தாள் வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து அந்த வாரத்தை ஞாபகத்திலிருந்து நிரப்புவார்கள், எல்லா நாளும் 8 மணி நேரம் என்று அழகாக வரும். யாரும் பொய் எழுதவில்லை. திங்கட்கிழமை காலையில் செய்ததைச் சனிக்கிழமை யாராலும் ஞாபகம் வைத்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

அப்புறம் சாஃப்ட்வேர் தேட ஆரம்பித்தேன். ஒன்றைத் தப்பாக வாங்கினேன், இன்னொன்றைச் சரியாக வாங்கினேன். இரண்டிலும் கற்றதை, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று எழுதுங்கள்

இணையத்தில் தேடினால் எல்லாமே டைம் டிராக்கிங் என்ற ஒரே பெயரில்தான் வரும். ஆனால் அதற்குள் மூன்று வேறு வேறு சரக்கு இருக்கிறது. ஒன்று வருகைப்பதிவு: யார் எப்போது வந்தார், எப்போது போனார், சம்பளம் எவ்வளவு. இரண்டாவது டைம்ஷீட்: எந்த வாடிக்கையாளரின் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது. மூன்றாவது கண்காணிப்பு: ஆள் கணினி முன்னால் என்ன செய்கிறார் என்று படம் பிடித்துக் காட்டுவது. ஒரே நிறுவனம் மூன்றையும் சேர்த்து விற்கும். உங்களுக்கு வேண்டியது எது என்று தெரியாமல் போனால் மூன்றாவதையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: "இந்த எண் என் கையில் வந்தால் நான் எந்த முடிவை மாற்றுவேன்?" எனக்கு வந்த பதில் இரண்டு. எந்த வாடிக்கையாளருக்குக் கட்டணத்தை உயர்த்த வேண்டும், யார் தலையில் வேலை அதிகம் விழுகிறது. இரண்டுக்குமே டைம்ஷீட் போதும். முடிவு எதுவும் மாறாது என்று தோன்றினால், தயவுசெய்து வாங்காதீர்கள். நான்கு பேர் உள்ள இடத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகமே நன்றாக வேலை செய்யும்.

எல்லா வேலையும் மணிக்கணக்கில் அடங்காது என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல் பட்டறைக்காரர் இந்த மென்பொருள் நமக்கும் ஆகுமா என்று கேட்டார். அங்கே கண்ணாடி மேல் சாயமும் சிமெண்டும் ஊற்றிக் கையால் செய்கிற கல்லுக்கு எண்ணிக்கைப்படி கூலி. தண்ணீரில் ஊறுவதும் காய்வதும் தானாக நடக்கிற வேலை. அவருக்கு வேண்டியது வருகைப்பதிவும் எத்தனை கல் என்ற எண்ணும்தான், டைமர் இல்லை. அதைச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாம் படி: உங்கள் ஆட்களின் ஒரு நாளை அப்படியே எழுதுங்கள்

சாஃப்ட்வேர் விளம்பரத்தில் வருகிற ஆள் எப்போதும் பெரிய திரை முன்னால் உட்கார்ந்திருப்பார். உங்கள் ஆள் அப்படியா? எங்கள் தம்பி காலையில் தேவகோட்டை பஸ்ஸில் இருப்பார், பத்து மணிக்கு ஒரு மளிகைக்கடை கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். அவர் கையில் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன். கல்லல் வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு நடுவில் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிற ஒரு மணி நேர இடைவெளி உண்டு, அதை ராத்திரி ஈடு செய்வார். மின்வாரியம் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தும், அன்றைக்குப் பாதிப் பேர் போனிலேதான் இருப்பார்கள்.

இதையெல்லாம் எழுதினால் தேவைப்பட்டியல் தானாக வந்துவிடும். எங்களுக்கு வந்தது: போன் செயலி நன்றாக இருக்க வேண்டும், நெட் இல்லாதபோதும் பதிவாகி, அப்புறம் தானாகச் சேர வேண்டும், ஒரே நாளில் இரண்டு மூன்று துண்டாக வேலை செய்தாலும் ஏற்க வேண்டும், விடுமுறை நாட்களை நாமே போட முடிய வேண்டும். கடைசியில் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கொப்புடையம்மன் தேருக்கும், முத்துமாரியம்மன் பால்குடத்துக்கும், தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகிறவர்களுக்கும் எந்த வெளிநாட்டு நாள்காட்டியிலும் லீவு இருக்காது. அதைப் போட வழியில்லாத மென்பொருள் அந்த வாரம் முழுக்க "நேரம் குறைவு" என்று சிவப்பில் காட்டிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் படி: தலைப்புகளைப் பிரியுங்கள், குறைவாக

இங்கேதான் நிறையப் பேர் தோற்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எந்த மென்பொருளாக இருந்தாலும் உள்ளே அடுக்கு ஒன்றுதான்: வாடிக்கையாளர், அதற்குக் கீழே வேலை, அதற்குக் கீழே பணியின் வகை. பேரேட்டில் தலைப்பு போடுகிற மாதிரிதான். தலைப்பு தப்பாகப் போட்டால் கடைசியில் ஐந்தொகை எதையும் சொல்லாது.

நான் முதலில் 23 வகை போட்டேன். ஒரு வாரத்தில் எல்லாரும் "பொது" என்பதிலேயே எழுத ஆரம்பித்தார்கள், ஏனென்றால் 23இல் தேடுவதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. இப்போது ஏழுதான்: பில் பதிவு, பேங்க் சரிபார்ப்பு, ஜிஎஸ்டி, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளரோடு பேச்சு, திருத்த வேலை, அலுவலகப் பொது. இதில் "திருத்த வேலை" என்ற தலைப்பைக் கட்டாயம் வையுங்கள். ஒரு தடவை முடித்த வேலையைத் திரும்பச் செய்கிற நேரம் அது. பில் தாமதமாக வந்தது, எண் தப்பாகக் கொடுத்தார்கள், நாமே தப்பு செய்தோம், காரணம் எதுவானாலும் அங்கே போக வேண்டும். எங்கள் அலுவலகத்தின் முழு நோயும் அந்த ஒரு வரியில்தான் தெரிந்தது.

எவ்வளவு நுணுக்கமாகப் பதிவது? மணிக்கணக்கில் பில் போடுகிற வக்கீல் நிறுவனங்கள் சில 6 நிமிடத் துண்டுகளாக எழுதும், அதாவது மணியில் பத்தில் ஒரு பங்கு. மாதக் கட்டணம் வாங்குகிற எங்களுக்கு 15 நிமிடம் தாராளம். நுணுக்கம் கூடினால் எரிச்சல் கூடும், எரிச்சல் கூடினால் பதிவு பொய்யாகும்.

நான்காம் படி: நான்கைந்தைப் பட்டியல் போடுங்கள்

டாகிள், கிளாக்கிஃபை இரண்டும் டைமர் வகை. ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடும், அழுத்தினால் நிற்கும், மறந்தால் கையால் எழுதலாம். டாகிள் எஸ்டோனியாவில் தொடங்கியது, பார்க்க எளிமையாக இருக்கும். இரண்டிலும் இலவசத் திட்டம் உண்டு, எத்தனை பேர் வரை என்பதைச் சேருகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வரம்பு மாறிக்கொண்டே இருக்கும். நேரத்தை வைத்து நேராக இன்வாய்ஸ் போட வேண்டுமென்றால் ஹார்வெஸ்ட் அதற்காகவே செய்தது. வருகைப்பதிவுதான் முக்கியம், முகம் பார்த்து, இடம் பார்த்துப் பதிய வேண்டும் என்றால் ஜிபிள் பாருங்கள்.

நம் சோஹோவில் இரண்டு வழி இருக்கிறது. சோஹோ பீப்பிளில் வருகை, லீவு, டைம்ஷீட் எல்லாம் ஒரே இடத்தில். சோஹோ புராஜெக்ட்ஸில் வேலைப் பட்டியலோடு சேர்த்து நேரம். ஏற்கெனவே சோஹோ புக்ஸில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது இயல்பாகப் பொருந்தும், விலையும் ரூபாயில் வரும். தகவல் வெளியே போகவே கூடாது என்பவர்களுக்கு கிமாய் இருக்கிறது, திறந்த மூலம், அதாவது நிரல் எல்லாருக்கும் திறந்தது, சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதைப் பராமரிக்க ஒரு ஆள் தெரிந்திருக்க வேண்டும். ஹப்ஸ்டாஃப், டைம் டாக்டர் இரண்டும் கண்காணிப்புப் பக்கம் சாய்ந்தவை, ஸ்கிரீன்ஷாட், விசைப்பலகை அசைவு எல்லாம் வரும், வேண்டாமென்றால் அணைத்து வைக்கவும் முடியும்.

விலையை ஒப்பிடும்போது இதைக் கவனியுங்கள். "ஒரு ஆளுக்கு மாதம் இத்தனை டாலர்" என்று பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வருடச் சந்தா மொத்தமாகக் கட்டினால் வருகிற விலை. 5 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் 12 பேருக்கு மாதம் 60 டாலர், வருடம் 720. அதற்கு மேல் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம், அப்புறம் வெளிநாட்டுச் சேவை என்பதால் 18% ஜிஎஸ்டியை விற்பவருக்குப் பதிலாக நாமே (ரிவர்ஸ் சார்ஜ்) கட்டிவிட்டு, நாம் கட்ட வேண்டிய வரியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் போகிற தானியங்கிப் பிடித்தத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும், வருடச் சந்தா அன்றைக்கு யாரும் பார்க்காவிட்டால் கணக்கு நின்றுபோகும்.

ஐந்தாம் படி: கண்காணிப்பு வேண்டுமா என்று இப்போதே முடிவெடுங்கள்

நான் முதலில் வாங்கியது ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற ஒன்று. வீட்டிலிருந்து பார்க்கிற மூன்று பேரை நினைத்துத்தான் வாங்கினேன், அதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. இரண்டு வாரம் ஓடியது. எங்களிடம் எல்லாரையும் விட நன்றாகக் கணக்குப் பார்க்கிற பெண்ணுக்குத்தான் தினமும் குறைந்த மதிப்பெண் வந்தது. கூப்பிட்டுக் கேட்டபோது, "அக்கா, நான் ஸ்டேட்மென்ட்டை வெச்சு எது இடிக்குதுன்னு யோசிச்சிட்டு இருக்கும்போது மவுஸ் எப்படி அசையும்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. வேகமாகத் தட்டித் தட்டித் தப்பாகப் பதிவு செய்தவருக்கு அதே வாரம் பச்சை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அப்புறம்தான் உறைத்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த அந்தப் படங்களில் எல்லாம் எங்கள் வாடிக்கையாளர்களின் பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளப் பட்டியல், பான் எண் இருந்தது. அது அத்தனையும் எங்கேயோ ஒரு சர்வரில் போய் உட்கார்ந்திருந்தது. நம்மை நம்பிக் கணக்கைக் கொடுத்தவர்களுக்கு இதை என்னவென்று சொல்வது? அன்றைக்கே நிறுத்தி, படங்களை அழிக்கச் சொல்லி எழுதினேன். கணக்கு, மருத்துவம், சட்டம் என்று அடுத்தவர் ரகசியத்தைக் கையில் வைத்திருக்கிற எந்த அலுவலகமும் ஸ்கிரீன்ஷாட் பக்கமே போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சட்டமும் இந்தத் திசையில்தான் வருகிறது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. வேலை தொடர்பான சில பயன்பாடுகளுக்கு அதில் இடம் உண்டு, ஆனால் அதை எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் 8ஆவது அட்டவணையில் உள்ள மொழியிலோ படிக்கும் வசதி தர வேண்டும் என்கிறது. தமிழ் அதில் இருக்கிறது. என்ன பதிகிறோம், யார் பார்ப்பார்கள், எத்தனை மாதம் வைத்திருப்போம் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி எல்லார் கையிலும் கொடுங்கள்.

ஆறாம் படி: நெருக்கடி வாரத்தில் சோதித்துப் பாருங்கள்

பட்டியலில் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ஓட்டுங்கள். அமைதியான வாரத்தில் எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் இருக்கும், நாங்கள் 11க்கும் 20க்கும் நடுவில் வைத்தோம். மூன்று பேர் போதும், ஆனால் அதில் ஒருவர் இந்த யோசனையே பிடிக்காதவராக இருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் 58 வயது அண்ணன் ஒருவர், டேலி என்ற கணக்கு மென்பொருள் வருவதற்கு முன்னால் கையால் பேரேடு எழுதியவர். அவர் போனில் பத்து விநாடிக்குள் தொடங்கி நிறுத்த முடிந்தது டைமர் வகையில் ஒன்றில் மட்டும்தான். அதையே எடுத்தோம். மற்றதில் வசதி அதிகம், ஆனால் அவர் பதியாத நேரம் எனக்குக் கிடைக்காத நேரம்.

சோதிக்கும்போது வேண்டுமென்றே தப்பு செய்து பாருங்கள். டைமரை நிறுத்தாமல் வீட்டுக்குப் போங்கள், மறுநாள் காலை 14 மணி நேரம் என்று காட்டுகிறதா, நினைவூட்டுகிறதா? நேற்றைய பதிவைத் திருத்துங்கள், திருத்தியதற்குத் தடம் இருக்கிறதா? போனில் நெட்டை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஒரு ஆளை நீக்குங்கள், அவர் எழுதிய பழைய நேரம் அறிக்கையில் நிற்கிறதா, அவரோடு சேர்ந்து போய்விடுகிறதா? சம்பள விகிதம் போட்டால் அது மற்றவர்கள் கண்ணில் படுகிறதா என்று ஒரு ஊழியர் கணக்கில் உள்ளே போய்ப் பாருங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு விஷயம் எங்களைப் படுத்தியது. ஒன்று, தலைப்புகளைத் தமிழில் வைத்து சிஎஸ்வி கோப்பாக (கமா போட்டுப் பிரித்த எளிய உரைக் கோப்பு) இறக்கி எக்செல்லில் நேராகத் திறந்தால் எழுத்தெல்லாம் குப்பையாக வரும். டேட்டா பகுதியில் போய் உரைக் கோப்பிலிருந்து எடு என்று கொடுத்து எழுத்துக் குறியீட்டில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். அதற்காகத் தலைப்பை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டாம். இன்னொன்று நேர மண்டலம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே இருக்கிற வாடிக்கையாளர் அவர் அமைப்பிலேயே அறிக்கையைத் திறந்தால், நாம் ராத்திரி பத்து மணிக்குச் செய்தது அவருக்கு மறுநாள் கணக்கில் விழும். மொத்த அலுவலகத்துக்கும் இந்திய நேரம் என்று அமைப்பில் பூட்டிவிடுங்கள்.

ஏழாம் படி: ஆட்களிடம் சொல்லுங்கள்

கடிதம் அனுப்பிவிட்டு மறுநாள் ஆரம்பிக்காதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள். நான் பேசும்போது எங்கள் ஊர்க் கதையைத்தான் எடுத்தேன். பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியிலும் (பல கடைகள் சேர்ந்திருந்த கட்டடம்) நகரத்தார் வட்டிக்கடை நடந்தபோது முதலாளி இங்கே ஊரில் இருப்பார், கடையைப் பார்த்துக்கொள்கிற மேலாள் அங்கே இருப்பார், கணக்கு ஒழுங்காக ஊருக்கு வந்துகொண்டிருக்கும். அவருக்குக் கீழே இருக்கிற அடுத்தாளும், கடைசியில் இருக்கிற பெட்டியடிப் பையனும் என்ன செய்கிறார்கள் என்று கடல் தாண்டி எட்டிப் பார்க்க யாராலும் முடியாது. எழுதிய கணக்கை வைத்துத்தான் அத்தனை பெரிய தொழிலும் நடந்தது. நான் கேட்பதும் அந்த மாதிரி ஒரு கணக்குத்தான், உங்கள் நேரத்துக்கு நீங்களே எழுதுவது என்றேன்.

"அப்ப நீங்களும் எழுதுவீங்களா?" என்று அந்த அண்ணன் கேட்டார். எழுதுகிறேன் என்றேன், முதல் நாளிலிருந்து என் நேரமும் அதே இடத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கிறது. இதைச் செய்ய மனமில்லாத முதலாளி இந்த மென்பொருளை வாங்க வேண்டாம். இன்னொரு வாக்கும் கொடுத்தேன்: இந்த நேரத்தை வைத்து ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட மாட்டேன், சம்பளத்தில் கை வைக்க மாட்டேன். அந்த வாக்கைக் காப்பாற்றினால்தான் எண் உண்மையாக வரும்.

எட்டாம் படி: வாரம் ஒருமுறை படியுங்கள், ஏதாவது மாற்றுங்கள்

திங்கட்கிழமை காலை அரை மணி நேரம் போதும். மூன்று எண்ணை மட்டும் பார்க்கிறேன்: வாடிக்கையாளர் வாரியாக மொத்த நேரம், திருத்த வேலை எவ்வளவு, யாருக்கு வாரம் 48 மணியைத் தாண்டியது. கடைசியில் உள்ளது சட்டத்தோடு சேர்ந்தது. 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் வாங்குகிற வேலைக்கு இரட்டிப்புக் கூலி. நேரத்தைப் பதிய ஆரம்பித்த பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. முதல் மாதமே இரண்டு பேருக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது, அதுவரை அவர்கள் கேட்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.

நெடுநாள் புதிருக்கும் விடை கிடைத்தது. எங்களிடம் மிகக் குறைந்த கட்டணம் கொடுக்கிற ஒரு சின்ன ஹோட்டல்தான் எல்லாரையும் விட அதிக நேரம் எடுத்திருந்தது, அதில் பாதிக்கு மேல் திருத்த வேலை. அதை நடத்துகிற ஆச்சி மாதம் முழுக்க பில்லை ஒரு மஞ்சள் பையில் போட்டு 9ஆம் தேதி மொத்தமாகக் கொடுப்பார்கள், பாதி எழுத்து அழிந்திருக்கும். அறிக்கையைத் தாளில் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். கட்டணத்தை உயர்த்துவதற்கு முன்னால், தினமும் கடை மூடும்போது பில்லைப் போனில் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். "இவ்வளவு நேரமா ஆகுது எங்க கணக்குக்கு?" என்று அந்த ஆச்சி அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்கள் பேரன் தினமும் படம் அனுப்புகிறான். கட்டணத்தை உயர்த்தத் தேவையே வரவில்லை.

மூன்று மாதம் ஆனதும் தலைப்புகளைத் திரும்பப் பாருங்கள், யாரும் தொடாததை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு மாதம் 1ஆம் தேதியும் முழுப் பதிவையும் இறக்கி உங்கள் கணினியில் ஒரு பிரதி, வெளி வன்தட்டில் ஒரு பிரதி வையுங்கள். இலவசத் திட்டம் மாறலாம், நிறுவனம் கைமாறலாம், நீங்களே வேறொன்றுக்குப் போகலாம். எங்கள் அலுவலகத்தில் இந்த வேலையை அந்த அண்ணன்தான் பார்க்கிறார், இறக்கிய தேதியை அவருடைய பழைய குறிப்பேட்டில் கையால் எழுதி வைக்கிறார்.